அடிகளை எண்ணினால் மட்டும் போதுமா?

மாத்தளை மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமங்களில் வாழும் முதியவர்களின் மணிக்கட்டில் அண்மைக் காலமாகப் புதுவகைக் கடிகாரம் ஒன்றைக் காண்கின்றோம். பிள்ளைகள் இதனை ‘ஸ்மார்ட் வோட்ச்’ என்கின்றார்கள். மெலிந்த றப்பர் பட்டியாக இருந்தால் ‘பிட்னஸ் பேண்ட்’ என்கின்றார்கள். குவைத்திலோ கட்டாரிலோ வேலை செய்யும் மகள் விடுமுறையில் வரும்போது கொண்டுவருகின்றாள். கொழும்பில் கடையில் நிற்கும் மகன் தீபாவளிக்கோ நத்தாருக்கோ வாங்கி அனுப்புகின்றான். நேரம் காட்டுவது இதன் சிறிய வேலை. நாளொன்றுக்கு எத்தனை அடி நடந்தோம், இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கின்றது, இரவில் எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று கணக்கு வைப்பதே இதன் பெரிய வேலை.

இது அன்பினால் வரும் பொருள். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு, ஊரில் உள்ள தாய் தந்தையருக்கு ஏதாவது நடந்துவிடுமோ என்ற பயம் எப்போதும் உண்டு. அந்தப் பயத்துக்கு ஆறுதலாகவே இந்தக் கடிகாரம் வீட்டுக்கு வருகின்றது. எனவே இதனை ஏளனம் செய்வது எமது நோக்கமன்று. இதனால் நன்மையும் உண்டு. ஆயினும் எமது முதியவர்கள் ஏன் நடக்காமல் போனார்கள் என்ற கேள்வியை இந்தக் கடிகாரம் கேட்பதில்லை. அதை நாம்தான் கேட்க வேண்டும். நிலத்தை இழந்தவர்கள் நிலத்தோடு சேர்த்துத் தமது அன்றாட நடையையும் இழந்தார்கள் என்பதே எமது கருத்து. அதனைத் திரும்பப் பெறும் பொறுப்பை முதியவர் ஒருவரின் மணிக்கட்டில் மாத்திரம் கட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிவிட முடியாது.

கடிகாரம் எவ்வாறு எண்ணுகின்றது?

முதலில் இந்தக் கருவியின் சூட்சுமத்தை விளங்கிக்கொள்வோம். இதனுள்ளே அசைவை உணரும் மிகச் சிறிய பொறி ஒன்று இருக்கின்றது. நாம் நடக்கும்போது கை முன்னும் பின்னும் வீசப்படுகின்றது. அந்த வீச்சை ஒழுங்கான தாளமாகக் கண்டுபிடித்து ஒவ்வோர் அடியாக அது எண்ணுகின்றது. கடிகாரத்தின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பச்சை நிற ஒளி மின்னுவதைக் காணலாம். தோலுக்குக் கீழே ஓடும் இரத்தம் அந்த ஒளியை உறிஞ்சுகின்றது. இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் இரத்தத்தின் அளவு கூடிக் குறைவதால் திரும்பிவரும் ஒளியும் கூடிக் குறைகின்றது. அதிலிருந்து நாடித்துடிப்பைக் கணக்கிடுகின்றது. இந்தக் கணக்குகள் பின்னர் கைத்தொலைபேசிக்குப் போகின்றன. அங்கிருந்து இணையத்தின் வழியாகக் கடிகார நிறுவனத்தின் கணினிகளுக்குப் போகின்றன.

இதிலே எமது மக்களுக்குரிய சிக்கல் ஒன்று உண்டு. மிக மெதுவாகக் காலை இழுத்து நடப்பவர்களின் அடிகளை இத்தகைய கருவிகள் குறைத்து எண்ணுகின்றன என்பது பல ஆய்வுகளில் தெரியவந்த உண்மை. ஊன்றுகோல் பிடித்து நடக்கும்போது அந்தக் கை வீசப்படுவதில்லை. தலையில் விறகுக் கட்டை வைத்து இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு வரும் தாயின் கை அசைவதேயில்லை. அவர் சுமையோடு ஏற்றத்தில் ஏறிய அடிகளில் பல கணக்கில் வராமல் போகும். மறுபுறம், ஒரே இடத்தில் நின்று புல் வெட்டுபவரின் கை வீச்சை நடை என்று கடிகாரம் தவறாக எண்ணக்கூடும். குன்றும் குழியுமான பாதையில் பஸ்ஸில் குலுங்கியவாறு வருவதும் சில வேளைகளில் அடிகளாகப் பதியும். சில வீடுகளில் தாத்தாவின் கடிகாரத்தைப் பேரன் கட்டிக்கொண்டு முற்றத்தில் ஓடித் திரிகின்றான். மாலையில் கணக்கைப் பார்க்கும் மகளுக்குத் தாத்தா பெரும் வீரராகத் தெரிகின்றார்!

ஆகவே கடிகாரம் காட்டும் எண்ணிக்கையை ஏறத்தாழ ஒரு மதிப்பாகவே கொள்ள வேண்டும். நேற்றைய நாளோடு இன்றைய நாளை ஒப்பிட அது உதவும். அடுத்த வீட்டுக்காரரோடு ஒப்பிட உதவாது.

பத்தாயிரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

நாளொன்றுக்கு 10,000 அடி நடக்க வேண்டும் என்று பல கடிகாரங்கள் கட்டளையிடுகின்றன. முடியாத முதியவர்கள் மனம் சோர்ந்து போகின்றார்கள். “எனக்கு மூவாயிரத்தைத் தாண்டவில்லை, இனி என்ன இருக்கின்றது?” என்று கழற்றி அலுமாரியில் வைத்துவிடுகின்றார்கள். இந்த 10,000 வைத்தியர்கள் ஆராய்ந்து கண்டுபிடித்த அளவு என்று எவரும் நினைக்க வேண்டியதில்லை. 1964 ஆம் ஆண்டு ஜப்பானின் டோக்கியோ நகரில் ஒலிம்பிக் விளையாட்டு விழா நடைபெற்றது. அதற்கடுத்த ஆண்டு அந்நாட்டு நிறுவனம் ஒன்று இடுப்பில் செருகும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. அதற்கு ‘மன்போ-கெய்’ என்று பெயர் வைத்தது. ‘பத்தாயிரம் அடி அளவி’ என்பது அதன் பொருள். வியாபாரத்துக்கு வைத்த அந்தப் பெயர்தான் உலகமெங்கும் பரவி இன்று எமது கிராமம் வரை வந்து சேர்ந்திருக்கின்றது.

முதியவர்களைப் பற்றி உண்மையாகச் செய்யப்பட்ட ஆய்வு வேறு செய்தி சொல்கின்றது. ஐக்கிய அமெரிக்காவில் சராசரி 72 வயதுடைய 16,741 பெண்களின் நடையை அளந்து, சில ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2019 ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே அக்காலத்தில் இறப்பு 41 வீதம் குறைவாக இருந்தது. அடிகள் கூடக் கூட நன்மையும் கூடி, 7,500 அளவில் அது சமநிலைக்கு வந்தது. அதற்கு மேல் நடந்தவர்களிடம் கூடுதல் நன்மை காணப்படவில்லை. உடல்நலம் உள்ளவர்கள் இயல்பாகவே கூட நடப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. எனவே இந்த எண்களை மந்திரமாகக் கொள்ள வேண்டாம். ஆனால் பாடம் தெளிவானது. முதியவர் ஒருவருக்கு 4,400 அடி என்பது ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீற்றர் தூரம். அதுவும் ஒரே தடவையில் நடந்திருக்க வேண்டியதில்லை. காலையில் சிறிது, மாலையில் சிறிது, வீட்டைச் சுற்றிச் சிறிது என்று சேர்ந்து வருவதே போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலும் அடிக்கணக்குப் பேசவில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் சற்றுச் சூடேறும்படி இயங்க வேண்டும் என்கின்றது. 65 வயதைத் தாண்டியவர்கள் விழாமல் இருப்பதற்காக, வாரத்தில் மூன்று நாட்களேனும் உடற்சமநிலைக்கும் தசைப்பலத்துக்கும் உரிய பயிற்சிகளையும் செய்ய வேண்டும் என்கின்றது. மண்வெட்டி பிடிப்பதும், தண்ணீர் சுமப்பதும், பாத்தி கட்டுவதும் இந்த இயக்கத்திலே சேர்த்தி.

முன்பு யார் எண்ணினார்கள்?

இனி எமது மக்களின் கதைக்கு வருவோம். இந்த மாவட்டத்தில் இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் ஒரே வகையினர் அல்லர். அம்பன் கங்கைக்குக் குறுக்கே 1970களில் போவத்தென்ன அணை கட்டப்பட்டது. 2007 ஆம் ஆண்டில் தொடங்கிய மொரகஹகந்த வேலை 2018 இல் நிறைவேறியது. களு கங்கை நீர்த்தேக்கத்துக்காக லக்கல பகுதியில் கிராமங்களும் பழைய நகரமும் இடம்மாற்றப்பட்டன. 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களில் வீடு வாசலை விட்டு ஓடியவர்களும் எம்மிடையே உள்ளனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையும் மண்சரிவும் மலைநாட்டில் மேலும் பல குடும்பங்களை நிலத்திலிருந்து பெயர்த்தன. காரணங்கள் வேறு, மொழிகளும் வேறு. ஆனால் முதியவர்களோடு பேசும்போது ஒரு விடயத்தில் எல்லாரும் ஒன்றாகவே பேசுகின்றார்கள். பழைய இடத்தில் நடந்தோம், இங்கே உட்கார்ந்திருக்கின்றோம் என்பதே அது.

பழைய ஊரில் நடை என்பது தனியாகச் செய்யும் காரியமாக இருக்கவில்லை. விடிந்ததும் வயலில் தண்ணீர் நிற்கின்றதா என்று வரம்பு வழியே போய்ப் பார்க்க வேண்டும். சேனையில் காவல் இருந்தவருக்குச் சோறு கொண்டுபோக வேண்டும். மாட்டை அவிழ்த்து விட வேண்டும், பொழுது சாயத் தேடிப் பிடிக்க வேண்டும். குளத்துக்குக் குளிக்கப் போக வேண்டும். கொண்டு கொடுத்த உறவுகள் அடுத்த மேட்டில் இருந்தார்கள். மிளகுக் கொடிக்கும் பலாமரத்துக்கும் போகாத நாள் இல்லை. எழுபது வயதிலும் அந்த நடை நிற்கவில்லை. வேலை குறைந்தாலும் மேற்பார்வை இருந்தது. எத்தனை அடி என்று எவரும் எண்ணவில்லை. எண்ண வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

புதிய குடியேற்றத்தில் வீடுகள் பாதையோரம் வரிசையாக நிற்கின்றன. வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் வந்திருக்கின்றது. அது நல்லதே. தலையில் குடம் சுமந்த தாய்மார் அந்தப் பாரத்திலிருந்து விடுபட்டதற்கு நாம் மகிழ்கின்றோம். ஆயினும் குடியிருப்புக் காணி சிறியது. வயல் கிடைத்தவர்களுக்கும் அது வீட்டிலிருந்து தூரத்தில் இருக்கின்றது. மகன் மோட்டார் சைக்கிளில் போய் வந்துவிடுகின்றான். கிளினிக்குக்கும் சந்தைக்கும் முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டியுள்ளது. உறவினர் வேறு வேறு திட்டங்களில் காணி பெற்றுச் சிதறிப் போனார்கள். ஆக, முதியவருக்கு எழுந்து போக ஓர் இடமும் இல்லை, போய்ச் சேர ஒரு காரியமும் இல்லை. விறாந்தைக் கதிரையே அவருடைய உலகமாகிவிடுகின்றது.

இத்தகைய ஒருவரின் கையில் உள்ள கடிகாரம் மணிக்கொரு தடவை அதிர்ந்து, ‘எழுந்து நடவுங்கள்’ என்று சொல்கின்றது. எங்கே நடப்பது? வாகனங்கள் விரைந்து ஓடும் தார் வீதியிலா? அதற்கு நடைபாதை இல்லை. விடியற்காலையில் வெயிலுக்கு முன் நடப்பது நல்லது என்று நகரத்து ஆலோசனை சொல்கின்றது. வில்கமுவவிலும் லக்கலையிலும் நாவுலையிலும் விடியற்காலை யானை திரும்பிப் போகும் நேரம். மாலை அது வரும் நேரம். நடுப்பகல் வெயிலோ முதியவரைக் கிறுகிறுக்க வைக்கும். இந்த நிலையில் நடக்காதவரைச் சோம்பேறி என்று கடிகாரம் காட்டுமாயின், அது நீதியான கணக்கு அன்று.

முதியவர்கள் என்ன சொல்கின்றார்கள்?

முதியவர்கள் இந்தக் கருவியை வெறுக்கின்றார்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2015 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 92 பேரிடம் இத்தகைய கருவிகளைக் கொடுத்து ஆறு வாரம் பாவிக்கச் செய்தார்கள். அவர்களில் 77 வீதமானோர் இது பயன் தரும் அல்லது பயன் தரக்கூடும் என்றே சொன்னார்கள். ஆனால் விளக்கக் குறிப்புகள் போதாது, கைத்தொலைபேசியோடு இணைப்பது கடினம், அணிவது வசதியாக இல்லை என்ற முறைப்பாடுகளும் வந்தன. படித்து, வசதியோடு வாழும் நாட்டிலேயே இந்த நிலை.

எமது கிராமங்களிலும் இரண்டு வகைக் குரல்களையும் கேட்கின்றோம். “இதைக் கட்டிய பிறகுதான் நான் எவ்வளவு நேரம் சும்மா இருக்கின்றேன் என்று தெரிந்தது” என்பவர்கள் இருக்கின்றார்கள். வெள்ளிக்கிழமை தோறும் மத்திய கிழக்கிலிருந்து மகள் பேசும்போது, “அம்மா, இன்றைக்கு எத்தனை அடி?” என்று கேட்பது ஒரு தாய்க்குப் பெருமையாக இருக்கின்றது. நோயைப் பற்றியும் கடனைப் பற்றியும் மட்டுமே பேசிவந்த தொலைபேசியில் சிரிப்பதற்கு ஒரு விடயம் கிடைத்திருக்கின்றது. இது சிறிய நன்மையன்று. மறுபுறம், எழுத்து ஆங்கிலத்தில், அதுவும் மிகச் சிறியதாக இருக்கின்றது. சார்ஜ் போடும் வயர் தொலைந்தால் ஊர்க் கடையில் கிடைப்பதில்லை. ஸ்மார்ட் கைத்தொலைபேசி இல்லாத வீட்டில் கடிகாரம் பாதிக் கருவியாகவே இருக்கின்றது. பேரப்பிள்ளை விடுதிக்குத் திரும்பியதும் அதை இயக்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லை.

இன்னொரு குரலும் உண்டு. அது மெதுவாகவே ஒலிக்கின்றது. “நான் தூங்கினேனா, எழும்பினேனா என்று எல்லாம் அங்கே தெரிகின்றதாம். என்னைக் காவல் போட்டு வைத்திருக்கின்றார்கள்.” இதனை நன்றியில்லாத பேச்சு என்று தள்ளிவிடலாகாது. முதியவர் குழந்தை அல்லர். அவருடைய உடலின் கணக்கு அவருக்கே உரியது. எதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்று தீர்மானிக்கும் உரிமையும் அவருடையதே. இலங்கையில் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்க இயற்றப்பட்டது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தகவல்களைத் தனிக் கவனத்துக்குரியவை என வகுத்திருக்கின்றது. ஆயினும் தகவல் போய்ச் சேரும் கணினிகள் பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கின்றன. 2009 இல் தனது முதல் கருவியை விற்பனைக்கு விட்ட பிட்பிட் நிறுவனத்தை 2021 இல் கூகிள் நிறுவனம் தன்னோடு சேர்த்துக்கொண்டது. நாம் ஒரு நிறுவனத்திடம் கொடுத்த கணக்கு நாளை வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போகலாம் என்பதற்கு இது போதிய உதாரணம்.

எண்ணை நம்பி மோசம் போகாதீர்கள்

எமக்கு மிகுந்த கவலை தருவது வேறு விடயம். கடைகளில் விற்கும் மலிவான கடிகாரங்கள் சில, குருதி அமுக்கம், இரத்தத்தில் ஒட்சிசன், இரத்தத்தில் சீனி எல்லாவற்றையும் காட்டுவதாகச் சொல்கின்றன. வாசகர்கள் இங்கே விழிப்பாக இருக்க வேண்டும். ஊசி குத்தாமல் சீனியை அளப்பதாகச் சொல்லும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்று ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் பொதுமக்களை எச்சரித்தது. தவறான எண்ணைப் பார்த்து இன்சுலினையோ குளிசையையோ கூட்டினால் உயிருக்கே ஆபத்து என்பதே அந்த எச்சரிக்கையின் காரணம்.

ஒட்சிசனை அளக்கும் ஒளிக்கருவியிலும் குறை உண்டு. அமெரிக்க வைத்தியசாலைகளில் விரலில் மாட்டும் கருவி பற்றிய ஆய்வொன்று 2020 டிசம்பரில் வெளியானது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில் இரத்தத்தை எடுத்து நேரடியாகச் சோதித்தார்கள். கறுப்பின நோயாளரின் சோதனைகளில் 11.7 வீதத்தில் உண்மையான ஒட்சிசன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. வெள்ளையரில் இது 3.6 வீதமே. கருமையான தோல் ஒளியைக் கூட உறிஞ்சுவதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகின்றது. வைத்தியசாலைக் கருவிக்கே இந்தக் குறை இருக்குமானால், வெயிலில் கறுத்த எமது விவசாயியின் மணிக்கட்டில் வியர்வையோடும் மண்ணோடும் கிடக்கும் மலிவுக் கடிகாரத்தை எப்படி முழுமையாக நம்புவது?

சிறுநீரக நோயை எந்தக் கடிகாரமும் காட்டாது. வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த, காரணம் திட்டமாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் வில்கமுவ போன்ற எமது பகுதிகளையும் தொட்டிருக்கின்றது. அது ஆரம்பத்தில் நோவு தராது, வீக்கம் தராது. சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்தால்தான் தெரியும். நன்றாக நடக்கின்றேன், கடிகாரமும் நன்றாகவே காட்டுகின்றது என்று கிளினிக் போகாமல் இருப்பவர் ஏமாந்துவிடுவார். நெஞ்சு வலித்தால், வாய் கோணினால், ஒரு பக்கம் செயலிழந்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு உடனே பேசுங்கள். ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.

கருவியோடு மனிதரும் வேண்டும்

நன்மை கிடைத்த இடங்களை உற்றுப் பார்த்தால் ஒரு பொது அம்சம் தெரியும். சிங்கப்பூர் அரசு 2015 ஆம் ஆண்டு முதல் தேசிய அளவில் நடைப் போட்டி நடத்தி, அடி எண்ணும் கருவிகளை இலவசமாக வழங்கி, நடந்தவர்களுக்குப் பரிசுச் சீட்டும் கொடுத்தது. ஆனால் அங்கே நிழல் உள்ள நடைபாதையும், பூங்காவும், ஏறிப் போக நேரத்துக்கு வரும் பஸ்ஸும் முன்பே இருந்தன. கருவி அவற்றுக்கு மேல் வந்து சேர்ந்தது. அடி எண்ணும் கருவிகளைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2007 ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையும் இதையொட்டிய முடிவையே சொன்னது. கருவியை அணிந்தவர்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,500 அடிகள் கூடுதலாக நடந்தார்கள். தமக்கென ஓர் இலக்கை வைத்துக்கொண்டவர்களிடமே அந்த முன்னேற்றம் காணப்பட்டது.

எமது நாட்டிலேயே நல்லதொரு முன்மாதிரி உண்டு. பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமியச் சமூகங்களில், உயர் குருதி அமுக்கம் உள்ள, 40 வயதைத் தாண்டிய 2,645 பேரிடம் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 2020 இல் வெளியானது. பாதிச் சமூகங்களில் அரசாங்கச் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய், கைப்பட்டி சுற்றும் கருவியால் அமுக்கத்தை அளந்து, உணவு, நடை, குளிசை பற்றி இருந்து பேசினார்கள். தேவைப்பட்டவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். வழமையான சிகிச்சை மட்டும் கிடைத்த சமூகங்களோடு ஒப்பிடும்போது, இவர்களின் மேல் அமுக்கம் சராசரியாக 5 புள்ளிகளுக்குச் சற்று மேலாகக் கூடுதலாகக் குறைந்தது. கருவி மிகச் சாதாரணமானது. அதனைக் கொண்டுபோன மனிதர் முற்றத்தில் இருந்து பேசினார், திரும்பவும் வந்தார். எமது பார்வையில் பலன் அங்கிருந்தே வந்தது.

என்ன செய்யலாம்?

முதலாவதாகப் பிள்ளைகளுக்குச் சொல்கின்றோம். கடிகாரம் அனுப்ப விரும்பினால் முதலில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். இலக்கத்தைப் பெரிய எழுத்தில் காட்டுவதைத் தெரிவு செய்யுங்கள். 10,000 என்ற கட்டளையை மாற்றி, அம்மா இப்போது நடப்பதற்கு மேல் 500 அடி என்று வையுங்கள். கணக்கைக் கேட்கும்போது பொலிஸ்காரனைப் போலக் கேட்காதீர்கள். நல்ல கடிகாரம் ஒன்றின் விலைக்கு, மேற்கையில் பட்டி சுற்றி அமுக்கம் அளக்கும் கருவியொன்றை வாங்கலாம். அதை அயல் வீடுகள் நான்கும் சேர்ந்து பாவிக்கலாம் என்பதையும் யோசியுங்கள்.

இரண்டாவதாகக் கிராமங்களுக்குச் சொல்கின்றோம். முதியோர் சங்கமும், மாதர் சங்கமும், மரணாதாரச் சங்கமும் எமது கிராமங்களில் இருக்கின்றன. வாரத்தில் மூன்று நாள், யானை அபாயம் இல்லாத வேளை பார்த்து, கூட்டாக நடக்க ஒரு குழு அமைப்பது பெரிய காரியமன்று. வாய்க்கால் ஓரத்திலோ பாடசாலை மைதானத்திலோ ஒரு சுற்றுப் பாதையை நூல் பிடித்து அளந்து, நூறு மீற்றருக்கு ஒரு கல் நட்டுவிட்டால், கடிகாரம் இல்லாதவருக்கும் கணக்குத் தெரியும். இரண்டு மரம் நட்டு, அதன் கீழ் ஒரு வாங்கு போட்டால், இளைப்பாறிக்கொண்டே பேசலாம். வரவில்லையே என்று தேடிப் போக ஆள் இருப்பது எந்தக் கடிகாரத்தின் அதிர்வையும்விட மேலானது.

வீட்டுத் தோட்டத்தையும் மறக்க வேண்டாம். காணி சிறியதாயினும் நாலு மிளகாய்ச் செடி, ஒரு பந்தல் பாகல், இரண்டு கோழி இருந்தால், முதியவர் காலையில் எழுந்து போக ஒரு காரணம் இருக்கும். எழுபது ஆண்டுகள் மண்ணோடு இருந்தவருக்கு வெறுமனே வீதியில் போய்த் திரும்புவது நடையாகத் தோன்றாது. காய்த்ததைப் பார்க்கப் போவதே அவருக்கு நடை.

மூன்றாவதாக அதிகாரிகளிடம் கேட்கின்றோம். மீள்குடியேற்றத் திட்டம் வரையும்போது வீடு, குழாய், மின்சாரம், வீதி என்று எண்ணுகின்றீர்கள். முதியவரின் நடையையும் எண்ணுங்கள். வீதியோரம் நடைபாதை வையுங்கள். மின்வேலியை அமைக்கும்போது குடியிருப்பையும் அதன் உட்பாதைகளையும் சேர்த்துச் சுற்றி வளையுங்கள். ஒரே ஊரிலிருந்து வந்த உறவுகளுக்கு இயன்றவரை ஒன்றாகக் காணி கொடுங்கள். வயல் தூரமாயின் வீட்டுக்குப் பக்கத்தில் பொதுத் தோட்டம் ஒன்றுக்கேனும் இடம் விடுங்கள். 35 வயதைத் தாண்டியவர்களைச் சோதிக்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் நாட்டில் 2011 முதல் இயங்கிவருகின்றன. அவற்றின் சேவை மாதம் ஒரு முறையாவது குடியேற்றக் கிராமத்துக்கே வரட்டும். தமிழ் பேசும் முதியவருக்குத் தமிழில் விளக்கம் சொல்லப்படட்டும். டித்வாவில் வீடிழந்தவர்களுக்குப் புதிய காணிகள் ஒதுக்கப்படும் இடங்களிலெல்லாம் இவற்றை முதல் நாளிலிருந்தே செய்யலாம். பிழையைப் பின்னர் திருத்துவதைவிட அது செலவும் குறைவு.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே நாட்டு மக்களில் 12.4 வீதமானோர் 60 வயதைத் தாண்டியிருந்தார்கள். அன்று முதல் அந்தப் பங்கு கூடிக்கொண்டே வருகின்றது. இளையவர்கள் வேலைக்காக வெளியேறும் குடியேற்றக் கிராமங்களில் அது இன்னும் கண்கூடாகத் தெரிகின்றது. அணைக்கட்டின் தண்ணீரால் தூரத்து வயல்கள் விளைகின்றன. அதற்காக நிலம் கொடுத்தவர்கள் கதிரையில் இருந்தே மெலிந்து போவதை நாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கடிகாரம் கட்டியவர் கட்டிக்கொள்ளட்டும், வேண்டாதவர் விடட்டும். அடுத்த கிராமக் கூட்டத்தில் இந்த ஒரு கேள்வியை மட்டும் எழுப்புங்கள்: எமது கிராமத்தில் முதியவர் ஒருவர் பயமின்றி நடந்து போய் வர எந்தப் பாதை இருக்கின்றது? பதில் இல்லையென்றால், அந்தப் பாதையை அமைப்பதையே சங்கத்தின் இவ்வாண்டு வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.